சில்லு கூடினால் மட்டும் போதுமா?

லொறி வாங்கப் போனால் நம்மவர்கள் முதலில் கேட்பது, எத்தனை தொன் இழுக்கும் என்பதுதான். ஆறு சில்லு லொறிக்கு இன்னோர் அச்சைப் பூட்டிப் பத்துச் சில்லாக்கினால் கூலி கூடும் என்ற கணக்கும் தெரியும். வளைவில் அந்த லொறி எப்படித் திரும்பும் என்ற கணக்கை மட்டும் யாரும் கேட்பதில்லை. சாரதியின் உயிரும் நமது முதலும் அதில்தான் தங்கியிருக்கின்றன.

கணக்கு புதிதல்ல. 1940இல் ஜேர்மனியில் ரீகெர்ட், ஷுங்க் என்ற இருவர் நான்கு சில்லு வாகனத்தை முன்னுக்கொன்று பின்னுக்கொன்றாக, சைக்கிளைப் போலக் கடதாசியில் சுருக்கி, அது திரும்பும் விதத்தைக் கணித்தார்கள். பின்னால் இரண்டு அச்சு வந்ததும் சிக்கல் தொடங்குகிறது. திரும்பும்போது எல்லாச் சில்லும் ஒரே மையத்தைச் சுற்ற வேண்டும். நேராகவே நிற்கும் இரண்டு பின்னச்சுகளால் அது முடியாது. ஒன்று உள்ளே இழுபடும், மற்றது வெளியே. டயர் சீக்கிரம் தேய்வது அதனால்தான். தேய்வாவது பணத்தோடு போகும். இரண்டும் சேர்ந்து லொறியை நேரே போகும்படி பிடித்துக்கொள்வதுதான் ஆபத்து. அந்தப் பிடியை வெல்லும் வேலை முன் டயர்களின் தலையில் விழுகிறது. மழைத் தெருவில், முன்பக்கம் பாரமும் குறைந்திருந்தால், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் லொறி நேரே போகப் பார்க்கும்.

இந்தப் பிடி, இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 1.3 மீற்றரை 1.8 ஆக்கினால் ஏறக்குறைய இரு மடங்கு. சேசியில் இடமிருக்கும் இடத்தில் அச்சைப் பூட்டிவிடும் கராஜ்காரருக்கு இதை யார் சொல்வது?

ஏற்றும் சாமானும் கணக்கில் வரும். புத்தளத்து உப்பு பாரமானது, தாழ்வாகவே கிடக்கும். தும்புக் கட்டு இலேசு; ஆனால் வானளாவ அடுக்குகிறோம். 50 மீற்றர் ஆரையுள்ள வளைவில், இருபக்கச் சில்லுகளுக்கிடையே 2 மீற்றர், பாரத்தின் மையம் 2 மீற்றர் உயரம் என்றால், கடதாசிக் கணக்கில் மணிக்கு 56 கிலோமீற்றர் வேகத்தில் உட்பக்கச் சில்லு எழும்பும். மையம் 2.5 மீற்றரானால் 50 போதும். வில்லும் டயரும் சாய்ந்து கொடுப்பதால் உண்மையில் இன்னும் குறைந்த வேகத்திலேயே கவிழும். அச்சு எத்தனை என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை மட்டமான பாதைதானே என்பார்கள். கவிழ மலை தேவையில்லை, வளைவு போதும்.

விபத்தென்றால் சாரதியைக் குறை சொல்வது இலகு. அச்சின் இடத்தையும் பாரத்தின் உயரத்தையும் தீர்மானிப்பவர்கள் முதலாளிமாராகிய நாமே. அச்சுப் பூட்ட முன் இடைவெளி எவ்வளவு, அதை யார் கணக்கிட்டார் என்று எழுத்தில் கேளுங்கள். சாமான் ஏற்றியபின் முன் சில்லுகளை மட்டும் தராசில் ஏற்றி நிறுத்துப் பாருங்கள். வாகனக் கையேட்டில் முன்னச்சுக்குச் சொன்ன அளவைவிட மிகக் குறைவாக இருந்தால், புறப்பட முன் மூட்டைகளை முன்னுக்கு மாற்றச் சொல்லுங்கள்.