மெழுகோ, சீலன்றோ?

வீட்டுக்கு வெள்ளையடிப்பதில் நாம் காட்டும் அக்கறையிற் பாதியைத்தானும் காரின் மேனிக்குக் காட்டுவதில்லை. எஞ்சினில் ஏதேனும் ஓசை கேட்டால் உடனே கராஜுக்கு ஓடுகின்றோம். சில்லில் காற்றுக் குறைந்தால் மனம் பதறுகின்றோம். ஆனால் வர்ணம் மெல்ல மெல்ல ஒளி மங்கிச் சுண்ணாம்பு பூத்தாற்போல் வெளிறிப் போகும்போது, "வெயிலிலே நின்றால் அப்படித்தான்" என்று கூறி அமைந்துவிடுகின்றோம். வர்ணம் அழகுக்காக மாத்திரம் பூசப்பட்டதன்று. கீழேயுள்ள இரும்புத் தகட்டுக்கு அதுவே சட்டையும் குடையும் ஆகும். அது வெடித்தால் துரு உள்ளே நுழையும். துரு தகட்டைத் தின்ற பின்னர் வெட்டி ஒட்டுவதைத் தவிர வேறு வழி இராது.

நம் நாட்டிற் காரென்பது நினைத்தவுடன் மாற்றிக்கொள்ளக்கூடிய பொருளன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான். தடை நீங்கியபோதும் தீர்வையின் பாரம் கூடவே வந்தது. யாழ்ப்பாணத்திலோ, பல பத்தாண்டுகளுக்கு முன் வந்திறங்கிய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும், 1990களில் பெற்றோல் அரிதாயிருந்த காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடி, தந்தையிடமிருந்து மகனுக்கும் மகனிடமிருந்து பேரனுக்கும் கைமாறி வந்துள்ளன. மற்றொரு புறத்தில், லீசிங் கம்பனிக்கு ஆண்டுக்கணக்காகத் தவணைப்பணம் கட்டுபவருக்கு, கட்டி முடிந்த நாளிற் கையில் மிஞ்சுவது அந்தக் காரின் பெறுமதி ஒன்றேயாகும். அதனை வாங்க வருபவர் முதலிற் பார்ப்பது எஞ்சினையன்று, மேனியையே.

ஆதலின், வர்ணத்தைக் காப்பதற்கு மெழுகு பூசுவதா, சீலன்ற் பூசுவதா என்னும் வினா பொழுதுபோக்கான வினாவன்று. ஆயினும் அதற்கு விடை காணுமுன் காக்கப்படும் பொருள் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும்.

இக்காலக் கார்களில் தகட்டின்மேல் அடிப்பூச்சும், அதன்மேல் நிறப்பூச்சும், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற தெளிபூச்சும் உள்ளன. தெளிபூச்சின் தடிப்புப் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்கிரோமீற்றர் அளவினதே. பலருடைய தலைமயிரின் பருமனிலும் அது குறைவு. பழைய கார்களிலோ தெளிபூச்சு என்பது இல்லை. 1980களிலேதான் அது பரவலாயிற்று. அவற்றில் நிறப்பூச்சே வெளிப்பூச்சுமாகும். உங்கள் கார் எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிய ஓர் எளிய வழியுண்டு. வெள்ளைத் துணியிற் சிறிது பொலிஷை எடுத்து மறைவான ஓரிடத்தில் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். துணியிற் காரின் நிறம் ஏறினால் அது தெளிபூச்சற்ற வர்ணம் என்க.

இம்மெல்லிய போர்வைக்குப் பகைவர் பலர். சூரியனின் கழியூதாக் கதிர்கள் வர்ணத்திலுள்ள மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுக்கின்றன. அதனாலேயே ஒளி மங்குகின்றது. காகமும் வௌவாலும் இடும் எச்சம் வெயிலிற் காய்ந்து வர்ணத்தை அரிக்கின்றது. கரையோரத்திற் கடற்காற்று உப்பைக் கொணர்ந்து படியவிடுகின்றது. குடாநாட்டின் கிணற்றுநீரோ சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறிவரும் வன்னீர். காரைக் கழுவித் துடையாமல் வெயிலில் விட்டால், காய்ந்த ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வளையத்தை விட்டுச் செல்கின்றது.

மெழுகும் சீலன்றும் செய்யும் தொழில் ஒன்றே. பகைவரின் முதல் அடியைத் தாம் வாங்கித் தாம் தேய்ந்து, கீழிருப்பதைக் காக்கின்றன. வெயிலின் கதிரை அவை முற்றாகத் தடுத்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. அதற்கு நிழல் வேண்டும். கீறலை ஆற்றுவதும், வெடித்த வர்ணத்தை ஒட்டுவதும் இவ்விரண்டாலும் இயலாத காரியங்கள்.

மெழுகுகளிற் சிறந்ததாகக் கருதப்படுவது கார்னோபா மெழுகு. அது கிடைப்பது ஒரு பனையிலிருந்து என்பதை அறியும்போது நம்மவர்க்கு மகிழ்ச்சி உண்டாகும். பிரேசில் நாட்டின் வடகிழக்கே சியாரா முதலிய வறண்ட மாநிலங்களில் வளரும் அம்மரம், நம் பனையைப்போல் விசிறி ஓலை உடையது. கடுங்கோடையில் ஈரம் ஆவியாகிப் போகாவண்ணம் அது தன் ஓலைமேல் மெழுகைச் சுரந்துகொள்கின்றது. ஓலையை வெட்டி உலர்த்தி, மெழுகுத் தூளைப் பிரித்தெடுத்து உருக்குகின்றனர். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகிவிட, இது 80 பாகைக்கு மேலேதான் உருகும். எனினும் இது கல்லைப்போற் கடினமானது. தனியே பூச இயலாது. ஆதலால் எண்ணெய்களையும் கரைப்பான்களையும் மென்மையான பிற மெழுகுகளையும் கலந்தே தகரத்தில் அடைக்கின்றனர். அக்கலவை வெயிலையும் சவர்க்காரத்தையும் நெடுநாள் தாங்காது. நம் வெப்பத்தில் நாலு முதல் எட்டுக் கிழமை வரை நின்றால் அதுவே பெரிது. ஆனால் அது தரும் ஒளிக்கு ஓர் ஆழமும் குளிர்ச்சியும் உண்டு. கருமை, கருஞ்சிவப்பு, கரும்பச்சை முதலிய நிறங்களில் அவ்வழகு நன்கு புலப்படும்.

சீலன்ற் என்பது தொழிற்சாலையில் ஆக்கப்பட்ட செயற்கைப் பல்பகுதியம். வர்ணத்தின்மேற் சும்மா படுத்திராமல், அதனோடு இறுகப் பற்றிக்கொள்ளும் வண்ணம் அது ஆக்கப்பட்டுள்ளது. அதனால் நாலு முதல் ஆறு மாதம் வரை நிற்கும். கழுவினாலும் எளிதில் நீங்காது. அதன் ஒளி கண்ணாடியை ஒத்தது; வெள்ளை, வெள்ளி நிறக் கார்களுக்குப் பொருந்துவது. ஆயின் அது பற்றிக்கொள்வதற்கு மேற்பரப்பு மாசற்றிருத்தல் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கின்மேலோ பழைய மெழுகின்மேலோ பூசிய சீலன்ற் பாசிமேல் வைத்த காலைப்போல் வழுக்கிவிடும்.

இனி ஒரு கணக்குப் பார்ப்போம். ஆண்டு முழுவதும் காரைக் காக்க மெழுகாயின் ஏறக்குறைய பத்து முறையும், சீலன்றாயின் இரண்டு அல்லது மூன்று முறையும் பூசவேண்டும். ஒவ்வொரு முறைக்கும் அரைநாட் பொழுது செல்லும். ஆகவே, "எது சிறந்தது?" என்று வினவுவதிலும், "எதனை நான் தவறாது செய்வேன்?" என்று வினவுவதே அறிவுடைமை. சித்திரையிற் பூசிய மெழுகை நம்பி மார்கழி வரை இருப்பவரின் கார், பூச்சே இல்லாத கார்தான்.

நாள்தோறும் வேலைக்குச் சென்று, அலுவலக வாசலில் வெயிலில் நிற்கும் காருக்குச் சீலன்றே ஏற்றது. அதன் உரிமையாளருக்கு நேரமும் அரிது, வெயிலோ மிகுதி. கொட்டகையில் நின்று, கோயிலுக்கும் கலியாணத்துக்கும் மாத்திரம் வெளிவரும் பழைய மொறிஸ் மைனருக்கு மெழுகு நன்று. தெளிபூச்சற்ற பழைய வர்ணத்துக்கு மெழுகுக் கலவையிலுள்ள எண்ணெய் ஒரு செழுமையைக் கொடுக்கும். அதனைத் துடைத்துப் பேணுவதை ஓய்வுபெற்ற பெரியவர்கள் ஓர் இன்பமாகவே கொள்வர். இரண்டையும் விரும்புவோர் முதலிற் சீலன்றைப் பூசி, அது இறுகிய பின்னர் மேலே மெழுகைப் பூசலாம். இவ்வரிசையை மாற்றுதல் கூடாது.

கடையில் வாங்கும்போதும் விழிப்பாயிருங்கள். மெழுகு என்று பெரிய எழுத்திற் பொறித்த பல புட்டிகளில் உள்ளேயிருப்பது பெரும்பாலும் செயற்கைப் பல்பகுதியமே. சிலவற்றில் வர்ணத்தைத் தேய்த்தெடுக்கும் நுண்பொடியும் கலந்திருக்கும். அத்தகையதை மாதந்தோறும் தேய்த்தால், மயிரிலும் மெல்லிய அந்தப் பூச்சுக்கு நாமே பகைவராவோம். பெயரை நம்பாமல் புட்டியின் பின்புறத்தைப் படித்தே வாங்குக.

பூசும் முறை எளிது. காரை நிழலில் நிறுத்தித் தகடு ஆறியபின் தொடங்குக. கடும்வெயிலில் நின்ற கருநிறப் பொனற்று 70 பாகை செல்சியசையும் எட்டக்கூடும். மேலிருந்து கீழாகக் கழுவி, மென்துணியால் ஈரமறத் துடைக்க. பாத்திரம் கழுவும் திரவம் பழைய மெழுகை நீக்கிவிடும். ஆதலின் புதிதாகப் பூசுவதற்கு முன் மாத்திரம் அதனைக் கையாளலாம், வாராந்தக் கழுவலுக்கு அது ஆகாது. வன்னீரின் வெள்ளை வளையங்களை நீர் கலந்த வினாகிரியால் துடைத்து உடனே கழுவிவிடலாம். பின்னர் பூச்சை மிக மெல்லியதாகத் தடவுக. தடித்துப் பூசினால் காவல் கூடுவதில்லை; துடைக்கும் வேலையே கூடும். சீலன்றாயின், புட்டியிற் குறித்த நேரம்வரை நனையாமற் காக்க. சிலவற்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் வேண்டும். புதிதாக வர்ணம் அடித்த காருக்கு மெழுகும் சீலன்றும் உடனே ஆகா. உள்ளேயுள்ள கரைப்பான் வெளியேற ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை செல்லும்; வர்ணம் அடித்தவரைக் கேட்டறிந்து பூசுவதே முறை.

பூச்சு தேய்ந்துவிட்டதா என்பதை மழையே சொல்லும். நீர் உருண்டு திரண்டு ஓடினால் பூச்சு இருக்கின்றது. தகட்டோடு ஒட்டிப் பரந்து நின்றால் அது போய்விட்டது.

வெள்ளிதோறும் கழுவித் துடைத்த கார் மலிவான மெழுகோடும் நெடுநாள் வாழும். எச்சத்தை ஒரு கிழமை காயவிட்ட கார் விலையுயர்ந்த சீலன்றோடும் கெடும். முதலில் ஒரு கிடுகுக் கொட்டகையையும், ஒரு வாளி நீரையும், இரண்டு மென்துணிகளையும் தேடிக்கொள்ளுங்கள். அதன்பின் ஒழிந்த நேரம் மிகுதியாயின் மெழுகை வாங்குங்கள். குறைவாயின் சீலன்றை வாங்குங்கள்.