கினேவுக்கும் கரெக்ஷன் ஸ்லிப் வேண்டும்

நம் வயதுக்காரர்கள் டாக்டரை மாதம் ஒரு முறை பார்த்தால், பிசியோதெரபிஸ்டை வாரம் மூன்று முறை பார்க்கிறோம். முழங்கால், முதுகு, சர்க்கரைக்காரர்களுக்கு இறுகிப்போகும் தோள், ஸ்ட்ரோக் வந்து சோர்ந்த கை என்று ஏதாவது ஒரு காரணம். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த எங்களுக்கு அவர் 'கினே'. பிரான்சில் இந்தத் தொழிலுக்கு அரசு டிப்ளமா 1946-லேயே வந்துவிட்டது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பட்டம் வாங்கியதோடு அவர்கள் படிப்பு முடிந்துவிடக் கூடாது. தொடர்ந்து படிக்க ஒரு முறையான ஏற்பாடு வேண்டும்.

ஆபீசில் இருந்தவர்களுக்கு கரெக்ஷன் ஸ்லிப் நினைவிருக்கும். விதி மாறினால் சின்னத் துண்டுக் காகிதம் வரும். எஃப்.ஆர்.எஸ்.ஆர். புத்தகத்தில் பழைய பாராவின் மேல் அதைப் பசை போட்டு ஒட்டுவோம். ஒட்டாத புத்தகத்தைப் பார்த்து ஃபைல் போட்டால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம். உடம்பு வைத்தியத்திலும் விதிகள் மாறுகின்றன. ஒற்றை அறை கிளினிக்கில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிசியோவுக்கு அந்த ஸ்லிப்பை யார் அனுப்புகிறார்கள்?

என்ன மாறிவிட்டது என்று கேட்பீர்கள். முதுகு வலி என்றால் ஒரு காலத்தில் பலகையில் படுக்க வைத்தார்கள்; இன்று முடிந்தவரை நடமாடச் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு முதுகு வலிக்கு அல்ட்ராசவுண்டும் கரண்ட் சிகிச்சைகளும் வேண்டாமென்று 2016-இல் எழுதியது. 2022-இல் மூட்டுத் தேய்மானத்துக்கும் அப்படியே சொல்லி, உடற்பயிற்சியை முதலில் வைத்தது. ஸ்ட்ரோக் வந்தவரை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி எவ்வளவு அதிகம் நடமாட வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நம்பினார்கள். 5 நாடுகளில் 2,104 பேரிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் அளவுக்கு அதிகமாக நடமாட வைத்தவர்களுக்கு, வழக்கமான முறையைவிடப் பலன் சற்றுக் குறைவு என்று அது காட்டியது.

இது புத்தக விவகாரம் இல்லை, நம் பணமும் காலும் சம்பந்தப்பட்டது. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் முழங்காலுக்குப் பத்து சிட்டிங் கரண்ட் வைத்துக்கொண்டார். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழும் பயிற்சியை ஒருவரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அவர் தொடை மெலிந்துகொண்டே போனது.

நம் நாட்டில் டாக்டர்கள் ஐந்து ஆண்டில் 30 மணி நேரமாவது தொடர் கல்வியில் கலந்துகொள்ள வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. பிசியோதெரபிஸ்டுகளையும் சேர்த்து, அவர்கள் பெயரைப் பதிவு செய்ய வழிசெய்யும் தேசியச் சட்டம் 2021-இல்தான் வந்தது. பிரான்சில் 2023 ஜனவரி முதல் கினேக்களுக்கும் காலமுறைச் சான்று கட்டாயம். ஆறு ஆண்டுக்கு ஒரு முறை, ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களுக்கு முதல் தடவை மட்டும் ஒன்பது ஆண்டு அவகாசம். அதில் நான்கு தலைப்புகள்: அறிவைப் புதுப்பித்தல், சிகிச்சையின் தரம், நோயாளியுடன் பழகும் முறை, தன் சொந்த உடல்நலம். நாலாவதை நான் மெச்சுகிறேன். நம்மைத் தூக்கி நிறுத்தியே முதுகு போன பிசியோக்கள் உண்டு.

ஆனால் மணிக்கணக்கு மட்டும் வைத்தால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று குமாஸ்தாவுக்குத் தெரியாதா? ஓட்டலில் ஒரு மீட்டிங், மதியம் சாப்பாடு, மாலையில் சர்டிஃபிகேட், வாசலில் மெஷின் விற்பவரின் மேசை. கிளினிக்கை மூடிவிட்டு வருபவருக்கு அன்றைய வருமானமும் போச்சு, கட்டணமும் போச்சு. அதனால் வகுப்பு அரசு மருத்துவமனையிலேயே மாலை நேரத்தில், குறைந்த கட்டணத்தில் நடக்கட்டும். மெஷின் கம்பெனிக்காரர்கள் அதில் வேண்டாம். கேட்டுவிட்டுப் போவது போதாது. உண்மையான நோயாளியை வைத்து, மூத்தவர் பக்கத்தில் நிற்க, கையால் செய்து பழக வேண்டும்.

எதைப் படிப்பது என்பதையும் ஊரின் தேவையைப் பார்த்து முடிவு செய்யட்டும். விளையாட்டு வீரர்களுக்கான பயிற்சி வகுப்பு இருக்கட்டும். அதைவிட எங்களுக்கு வேண்டியது வேறு. விழாமல் நிற்கச் சமநிலைப் பயிற்சி. முறையாகச் செய்தால் விழுவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைகிறதென 2019-இல் தொகுத்த ஆய்வுகள் சொல்கின்றன. பெண்கள் வெளியே சொல்லக் கூசும் சிறுநீர்க் கசிவுக்கான பயிற்சி. மறதி நோய் வந்தவரிடம் பேசிப் பயிற்சி செய்ய வைக்கும் பக்குவம். வீட்டில் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்குச் சொல்லித்தரும் முறை.

ஏற்பாடு வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த சிட்டிங்கில் மரியாதையாகக் கேளுங்கள்: "தம்பி, வீட்டில் நான் தினமும் என்ன செய்யணும்? எத்தனை நாளில் என்ன மாற்றம் தெரியும்?" படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். மற்றவர்களுக்கும் படிக்க ஒரு காரணம் கிடைக்கும்.