செகண்ட் ஹேண்ட் சாட்டிலைட்டும் மொட்டைமாடி டிஷ்ஷும்

இந்தியாவுக்குத் தனியார் டிவி எப்படி வந்துச்சுன்னு யாரைக் கேட்டாலும் 1991, நரசிம்ம ராவ், மன்மோகன் சிங், தாராளமயம்னு ஒரே மூச்சுல சொல்லிடுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். அரசாங்கம் அன்னிக்கு டிவிக்குன்னு எந்தக் கதவையும் திறக்கல. 36,000 கிலோமீட்டர் உயரத்துல இருந்து கூரையைப் பிச்சுக்கிட்டு வந்து விழுந்தது அது. விழ வெச்சது ஆசியாசாட்-1. அதுவும் புதுசு இல்லீங்க, செகண்ட் ஹேண்ட் :-)

கதை இதான். 1984 பிப்ரவரியில சாலஞ்சர் விண்கலம் வெஸ்டார்-6ங்கற அமெரிக்க சாட்டிலைட்டை மேல கொண்டு போய் விட்டுச்சு. மோட்டார் சொதப்பி, போக வேண்டிய உயரத்துக்குப் போகாம அது பாதியிலயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. அதே வருஷம் நவம்பர்ல டிஸ்கவரியில போன ஜோ ஆலனும் டேல் கார்ட்னரும் விண்வெளியில மிதந்துக்கிட்டே அதைப் பிடிச்சு பூமிக்குக் கொண்டு வந்தாங்க. 'விற்பனைக்கு'ன்னு ஒரு அட்டையைப் பிடிச்சுக்கிட்டு போஸ் கொடுத்த போட்டோ கூட இருக்கு, தேடிப் பாருங்க.

1988ல ஹாங்காங்ல கேபிள் அண்ட் வயர்லெஸ், ஹட்சிசன், சீன அரசோட சிட்டிக் மூணும் சேர்ந்து ஆசியாசாட் கம்பெனியை ஆரம்பிச்சாங்க. அவங்க வாங்கினது இந்த மீட்கப்பட்ட சாட்டிலைட்டைத்தான். தியானன்மென் சம்பவத்துக்கப்புறம் அமெரிக்கா சீனா மேல தடை போட்டிருந்துச்சு. 1989 டிசம்பர்ல அதிபர் புஷ் இதுக்கு விலக்கு கொடுத்தார். 1990 ஏப்ரல் 7ஆம் தேதி ஷிசாங்ல இருந்து லாங் மார்ச்-3 ராக்கெட்ல ரெண்டாவது தடவையா மேல போச்சு.

அதுல இருந்தது 24 சி-பேண்ட் டிரான்ஸ்பாண்டர். பெரிய விஷயம் அந்த எண்ணிக்கை இல்ல, கதிர் விழுந்த பரப்பு. நம்ம இன்சாட் மாதிரி ஒரு நாட்டுக்கு மட்டும்னு இல்லாம, வடக்குக் கதிர் ஒண்ணு, தெற்குக் கதிர் ஒண்ணுன்னு ரெண்டா பிரிச்சு பாதி ஆசியாவையே போர்த்திடுச்சு. 1991ல ஸ்டார் டிவி இதுல ஏறுச்சு. 1992 அக்டோபர்ல ஜீ டிவியும் அதே சாட்டிலைட்ல. நிகழ்ச்சியை ஹாங்காங்ல இருந்து மேல அனுப்பினா டெல்லியில யார்கிட்டயும் லைசென்ஸ் கேக்க வேணாம். கீழ வாங்கிக்கறவனைத் தடுக்கவும் அன்னிக்குச் சரியான சட்டம் இல்ல. கேபிள் சட்டமே 1995லதான் வந்துச்சு.

இன்னொண்ணு. சி-பேண்ட் சிக்னல் பலவீனம். அதை வாங்க ஆளுயரத்துக்கும் மேல ஒரு டிஷ் வேணும், வீட்டுக்கு வீடு கட்டுப்படியாகாது. அதனால தெருவுக்கு ஒருத்தர் மொட்டைமாடியில டிஷ் வெச்சு, மரத்துலயும் கரண்ட் கம்பத்துலயும் வயரை இழுத்து மாசக் காசு வாங்கினார். நம்ம ஊர் கேபிள்காரர் பிறந்ததுக்குப் பாதிக் காரணம் அந்த சாட்டிலைட்டோட பலவீனம்தான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

அதுக்காக இதை சுதந்திரத்தின் தூதுவன்னு ஜல்லியடிக்கவும் மாட்டேன். 1993ல முர்டாக் ஸ்டாரை வாங்கினார். சாட்டிலைட் டிவி சர்வாதிகார ஆட்சிகளுக்கு ஆபத்துன்னு ஒரு கூட்டத்துல வாயை விட்டார். சீனா உடனே தனியார் டிஷ்ஷுக்குத் தடை போட்டுச்சு. 1994ல வடக்குக் கதிர்ல இருந்து பிபிசியைத் தூக்கிட்டாங்க. தெற்குக் கதிர்ல இருந்த நமக்கு பிபிசி தொடர்ந்து வந்துச்சு. தைரியத்தால இல்ல, ஆன்டெனா ரெண்டா பிரிஞ்சிருந்ததால.

கம்பெனிக்குக் கண்டங்களும் உண்டு. 1997 டிசம்பர்ல போன ஆசியாசாட்-3, ரஷ்ய ராக்கெட்டோட கடைசிக் கட்டம் காலை வாரினதால தப்பான பாதையில மாட்டிக்கிச்சு. தயாரிச்ச ஹியூஸ் ஆளுங்க அதை 1998ல ரெண்டு தடவை நிலாவைச் சுத்தவெச்சுத் திருப்பிக் கொண்டு வந்தாங்க. கணக்குப் போட்டவனுக்குக் கோயில் கட்டலாம்.

இப்போ நம்ம பக்கம் வருவோம். அலைவரிசை பொதுச் சொத்து, அரசாங்கத்தோட ஏகபோகம் இல்லன்னு உச்ச நீதிமன்றம் 1995லயே சொல்லிடுச்சு. ஆனா 2024 மே மாசம் வந்த இன்-ஸ்பேஸ் விதிமுறைப்படி, வெளிநாட்டு சாட்டிலைட் இங்க சேவை கொடுக்க அனுமதி வாங்கணும். பாதுகாப்புன்னு காரணம் சொல்றாங்க. பங்குதாரர்ல ஒருத்தர் சீன அரசுக் கம்பெனிங்கறப்ப அந்தக் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். ஜிசாட் நிறைய வரட்டும், சந்தோஷம். ஆனா சொந்த வீடு கட்டறது வேற, ஊர்ல வாடகை வீடே இருக்கக் கூடாதுங்கறது வேற. எல்லா சேனலும் ஒரே ஆள் கையில இருக்கற சாட்டிலைட்டுக்குக் குடிபோனா, சுவிட்சும் அந்த ஒரே ஆள் கையிலதான். 1994ல வடக்குக் கதிர்ல நடந்தது இங்க நடக்க, அப்புறம் ஒரு போன் கால் போதும்.

உங்க தெருவுல அந்தப் பழைய பெரிய டிஷ் இன்னும் எங்கயாவது துருப்பிடிச்சுக் கிடக்குதா? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா.