பேட்ச் போட்ட பிறகுதான் பாதி வேலை

2017 நவம்பர் 28 அன்று வெளியான ஒரு செய்தி ஆப்பிள் கணினி வைத்திருந்தவர்களைத் தூக்கிவாரிப் போட்டது. மேக் ஓஎஸ் ஹை சியரா ஓடும் கணினியில் பயனர் பெயராக 'ரூட்' என்று தட்டி, கடவுச்சொல் கட்டத்தைக் காலியாக விட்டு, பொத்தானை ஓரிரு முறை அழுத்தினால் முழு அதிகாரமும் கைக்கு வந்துவிடும். யூனிக்ஸ் குடும்பத்தில் ரூட்டுக்கு மேலே யாரும் இல்லை. மேக் ஓஎஸ்ஸும் முறைப்படி யூனிக்ஸ் சான்று பெற்ற இயங்குதளம்தான்.

மறுநாளே ஆப்பிள் பேட்ச் கொடுத்துவிட்டது. வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைப் போட்டவர்கள் சிலருக்குக் கோப்புப் பகிர்வு நின்றுபோனது. டெர்மினலைத் திறந்து, நிர்வாகி உரிமையோடு ஒரு கட்டளையைக் கையால் இட்டால் சரியாகும் என்று ஆப்பிள் தனிக் குறிப்பு வெளியிட்டது. அதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. 10.13.0 பதிப்பில் பேட்ச் போட்டுவிட்டுப் பிறகு 10.13.1க்கு மாறியவர்களுக்கு அடைபட்ட ஓட்டை மறுபடி திறந்துகொண்டது. திரும்பப் பேட்ச் போட்டும் ரீபூட் செய்கிறவரை பயனில்லை, அப்படிச் செய்யச் சொல்லித் திரையில் எச்சரிக்கையும் வரவில்லை என்று பயனர்கள் புகார் செய்தார்கள்.

அலுவலகங்களில் மேலதிகாரிகள் கேட்கும் கேள்வி, "எத்தனை சர்வரில் பேட்ச் போட்டாச்சு?" என்பதுதான். கேட்க வேண்டியது அதுவல்ல. எத்தனை சர்வரில் திருத்திய நிரல் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது? இரண்டுக்கும் விடை பல நேரம் வேறு வேறாகவே இருக்கும்.

யூனிக்ஸின் அமைப்பே அப்படி. ஒரு நிரல் பயன்படுத்திக்கொண்டிருக்கும் லைப்ரரிக் கோப்பை நீக்கிவிட்டுப் புதியதை அங்கே வைக்கலாம். எந்தத் தடையும் வராது. ஆனால் ஏற்கெனவே ஓடும் நிரல் பழைய கோப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதை நிறுத்தி மறுபடி தொடங்கும்வரை வட்டில் இருப்பது புதிது, நினைவகத்தில் ஓடுவது பழையது. கெர்னலுக்கும் இதே கதைதான். நிறுவப்பட்ட கெர்னலின் பதிப்பையும் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்பையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்க்க ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் வசதி உண்டு. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ரீபூட் பாக்கி இருக்கிறது.

2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் மறைகுறியாக்க லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது வேலைப் பட்டியல் இன்னும் நீண்டது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1ஜி பதிப்பை நிறுவி, அதைப் பயன்படுத்தும் சேவைகளை மறுபடி தொடங்கினாலும் முடியவில்லை. சர்வரின் ரகசியச் சாவி அதற்குள் கசிந்திருக்கலாம். புதுச் சாவி, புதுச் சான்றிதழ், பழைய சான்றிதழை ரத்து செய்தல், கடவுச்சொற்களை மாற்றுதல் என்று எல்லாமே பேட்சுக்குப் பிந்திய வேலைகள்.

இப்படிப்பட்ட பிந்திய வேலையை அதற்கு முன்பே ஒழுங்காகச் செய்து காட்டியது டெபியன் லினக்ஸ். 2006இல் அதன் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பில் செய்த ஒரு மாற்றத்தால், சாவிகளை உருவாக்கப் பயன்படும் எண்களின் தற்செயல்தன்மை ஏறக்குறைய அழிந்துபோனது. ஒவ்வொரு வகைச் சாவிக்கும் 32,768 சாத்தியங்களே மிஞ்சின. 2008 மே 13 அன்று அறிவிப்பும் பேட்சும் சேர்ந்தே வந்தன. பேட்சை நிறுவச் சில நிமிடம் போதும். இடைப்பட்ட மாதங்களில் உருவான பலவீனமான சாவிகளோ டெபியன் அல்லாத கணினிகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. அதனால் பழுதான சாவிகளின் தடைப்பட்டியலையும், நம் கணினியில் அவை இருக்கின்றனவா என்று சோதிக்கும் கருவியையும் டெபியன் கொடுத்தது. திருத்திய எஸ்எஸ்எச் அந்தச் சாவிகளைத் தானாகவே நிராகரித்தது.

ஆப்பிளின் குறிப்பு புகார்கள் கிளம்பிய பிறகு வந்தது. டெபியனின் கருவி அறிவிப்போடு வந்தது. வாடிக்கையாளர்கள் கேட்டுப் பெற வேண்டியது இரண்டாவது வகை. சன் நிறுவனம் தன் யூனிக்ஸ் இயங்குதளமான சோலாரிஸின் பேட்ச் ஒவ்வொன்றோடும் ஒரு 'ரீட்மி' கோப்பு வைத்து, சிறப்பு நிறுவல் குறிப்புகள் இருந்தால் அதிலேயே எழுதியது. அந்தப் பழக்கம் எல்லாரிடமும் இருக்க வேண்டும்.

அந்தக் குறிப்பைப் படிக்கவும், சேவைகளை நிறுத்தித் தொடங்கவும், பிறகு சோதிக்கவும் நேரம் வேண்டும். பேட்ச் போடும் இரவில் ரீபூட்டுக்கு அனுமதி தராமல், காலையில் "முடிந்துவிட்டதா?" என்று நிர்வாகியைக் கேட்பது நியாயமே இல்லை. சேவை நிறுத்த நேரத்தை முன்கூட்டியே எழுத்தில் ஒதுக்கித் தர வேண்டியது மேலிடத்தின் பொறுப்பு. சோதனை முடிவு வராமல் அந்த வேலைச் சீட்டை மூடவும் கூடாது.