வாள் இல்லாத தீவுகளும் நீர் இல்லாத ஏரியும்

வீடியோ விளையாட்டு என்றதும் நம் இலக்கிய வட்டங்களில் இரண்டே எதிர்வினைகள்தாம் எழுகின்றன. ஒன்று, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற கவலை. மற்றொன்று, அதையெல்லாம் பேச நமக்கு நேரமில்லை என்ற அலட்சியம். இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே சித்திரம்: துப்பாக்கி, ரத்தம், கார் மோதல். ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இதற்கு நேர்மாறான ஒரு வகை வளர்ந்து நிலைபெற்றுவிட்டது. அதில் யாரையும் கொல்ல வேண்டியதில்லை. பகைவன் இல்லை, தோல்வியும் இல்லை. ஒரு நிலம் மட்டும் நம் முன் விரிந்து கிடக்கிறது. நடக்கலாம், ஏறலாம், படம் எடுக்கலாம், சும்மா உட்கார்ந்து அலை பார்க்கலாம். நாவல் படிக்கிற கைகளுக்கும் இவை வந்து சேர்ந்துவிட்ட நிலையில், இவற்றைப் பற்றி நாம் பேசாமலிருப்பது முறையாகாது. ஒரு நிலத்தில் வாசகனைக் குடியிருக்கச் செய்வது தன் தனியுரிமை என்று இதுவரை எண்ணியிருந்தது இலக்கியம் அல்லவா?

சில உதாரணங்களைச் சொல்ல வேண்டும். 2013இல் வந்த ‘புரோட்டியஸ்’ விளையாட்டில் ஒரு தீவில் நடப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை. செடியும் பிராணியும் நாம் அணுகும்போது இசையாகின்றன, பருவங்கள் மாறுகின்றன. 2019இன் ‘ஈஸ்ட்ஷேட்’ விளையாட்டில் நாம் ஓர் ஓவியர்; தாயின் கடைசி விருப்பத்துக்காக ஒரு தீவின் காட்சிகளைத் தீட்ட வந்திருக்கிறோம். 2020இல் வந்த ‘ஆல்பா’வில் மத்தியதரைக் கடல் தீவொன்றில் தாத்தா பாட்டி வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த சிறுமி, பறவைகளைப் படம் பிடித்துத் திரிகிறாள். சண்டைக்குப் பழகிய ஆட்டக்காரர்கள் இத்தகையவற்றை ‘வாக்கிங் சிமுலேட்டர்’ என்று எள்ளினார்கள். நடப்பதெல்லாம் ஒரு விளையாட்டா என்பது கேள்வி. அந்த ஏளனப் பெயரே இன்று ஒரு வகைமையின் பெயராகிவிட்டது.

சண்டை விளையாட்டுகளைச் செய்யும் பெருநிறுவனங்களும் இதை உணராமலில்லை. பண்டைய எகிப்தைக் களமாகக் கொண்ட ‘அசாசின்ஸ் கிரீட் ஆரிஜின்ஸ்’ 2017இல் வந்தது. அடுத்த ஆண்டே, கொலை, துரத்தல் அனைத்தையும் நீக்கிவிட்டு அதே எகிப்தில் சுற்றிப்பார்ப்பதற்கு மட்டும் ஒரு பதிப்பை யூபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்டது. அதே நைல், அதே பிரமிடுகள், அதே சந்தைத் தெருக்கள். கையில் மட்டும் கத்தி இல்லை. இத்தனை உழைப்பில் எழுப்பப்பட்ட நிலம் கொலைக்கான பின்திரை மட்டுமல்ல என்பதைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம்.

இவற்றின் ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது? சோம்பல் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் ‘அனிமல் கிராசிங்’ வரிசையின் பிறப்பைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அதை உருவாக்கிய கட்சுயா எகுச்சி, நிண்டெண்டோ நிறுவனத்தில் வேலைக்காகத் தன் ஊரான சிபாவை விட்டு கியோட்டோவுக்குப் பெயர்ந்தவர். குடும்பமும் நண்பர்களும் அருகில் இல்லாத அந்த நாட்களின் தனிமையிலிருந்தே அண்டை அயலார் நிறைந்த ஒரு சிற்றூரை விளையாட்டாக அமைக்கும் எண்ணம் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 2001இல் தொடங்கிய அவ்வரிசையின் ‘நியூ ஹொரைசன்ஸ்’ வெளியானது 2020 மார்ச் 20இல். உலகம் கதவடைத்துக்கொண்ட அதே வாரங்கள். 4 கோடிக்கும் மேல் விற்ற அந்த விளையாட்டில் நமக்கு நேரக்கூடிய ஆபத்து என்றால், மரத்தை உலுக்கும்போது குளவி கொட்டுவது போன்றவைதான். ஊரை விட்டு வந்தவனின் ஏக்கமும் வீட்டை விட்டு வெளியேற முடியாதவர்களின் ஏக்கமும் ஒரே தீவில் சந்தித்தன எனலாம்.

இந்த ஏக்கம் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. பனமரத்துப்பட்டியிலிருந்து சேலத்துக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அதோடு, காரியமில்லாமல் நடப்பது என்பது யாருக்கு வாய்க்கிறது என்ற கேள்வியும் இங்கே உண்டு. ஒரு ஆண்பிள்ளை ஏரிக்கரைப் பக்கம் சும்மா போய்வரலாம். ஒரு பெண் போனால், “எங்கம்மா இந்நேரத்துல கெளம்பிட்ட?” என்று நாலு திண்ணைகளிலிருந்து கேள்வி வரும். பதில் சொல்ல ஒரு குடமோ, ஆட்டுக்குத் தழையோ, கோயிலோ தேவை. சும்மா பார்க்கப் போகிறேன் என்பது பதிலாகாது. இப்படிப்பட்ட ஊரில் வளரும் ஒரு பெண், யாரும் எதுவும் கேட்காத ஒரு தீவில் இரவெல்லாம் நடக்கலாம் என்றால், அதை வெறும் தப்பித்தல் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அவளுக்கு அது கிடைக்காத ஓர் உரிமையின் நிழல்.

பகையில்லா விளையாட்டும் தமிழுக்குப் புதிதல்ல. பெண்பிள்ளைகள் மணலில் வீடு கட்டிச் சிறுசோறு ஆக்கியது நம் பழைய செய்யுள்களெங்கும் வருகிறது. அந்த வீட்டுக்குச் சிற்றில் என்று பெயர். அங்கே வெற்றி தோல்வி இல்லை. இருப்பினும் கவிகள் அத்தோடு நிறுத்தவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்றாலே, சிறுவன் காலால் எற்றி வீட்டைச் சிதைக்க வருவதும், வேண்டாமென்று சிறுமியர் மன்றாடுவதும்தான். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழி முழுவதும் அந்த மன்றாட்டே. சிதைந்துவிடக்கூடியது என்பதால்தான் அந்த மணல்வீடு கவிதைக்குள் வந்தது. பொழுதெல்லாம் குனிந்து கட்டிய உழைப்பின் மதிப்பு, அதை இழக்க நேரும் கணத்தில்தான் கேட்பவருக்கு விளங்குகிறது.

இந்த விளையாட்டுகளின் எல்லை தொடங்குவதும் இங்கேதான் என்று நமக்குத் தோன்றுகிறது. இவற்றில் பல, வாளை எடுத்துவிடும்போது கூடவே இழப்பையும் எடுத்துவிடுகின்றன. எதிரி போனதோடு எதிர்ப்பும் போய்விடுகிறது. நிலம் நம்மை மறுப்பதே இல்லை.

பூவை எடுத்துக்கொள்வோம். பனமரத்துப்பட்டி வட்டாரம் அரளிக்குப் பேர்போனது. மொட்டாகவே பறித்துச் சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்புவார்கள். ஆயுதபூஜை சமயத்தில் அதற்கொரு விலை. வரத்து மிகுந்து கேட்பாரில்லாத நாட்களில் இன்னொரு விலை. பறிகூலிக்கே கட்டாது என்றால் பூவைச் செடியிலேயே விட வேண்டியதுதான். ‘அனிமல் கிராசிங்’ தீவிலும் பூ வளர்க்கிறோம். தினம் நீர் ஊற்றுகிறோம். எத்தனை பூவைக் கொண்டுபோனாலும் கடைக்காரர் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்கிறார். பறிகூலி, வரத்து, தரகு எதுவும் அங்கே இல்லை. (டர்னிப் கிழங்கு ஒன்றுக்கு மட்டும் விலை ஏறி இறங்கும்; ஒரு வாரத்தில் அழுகியும் போகும். ஆட்டக்காரர்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்தக் கிழங்கைப் பற்றித்தான் என்பது தற்செயல் அல்ல.)

ஏரியின் கதை இன்னும் கூர்மையானது. ‘ஆல்பா’வில் தீவின் இயற்கைக் காப்பிடத்தில் சொகுசு விடுதி கட்டப் பார்க்கிறார்கள். சிறுமி கையெழுத்து சேகரிக்கிறாள். குப்பை பொறுக்குகிறாள், உடைந்த நடைபாதையைச் செப்பனிடுகிறாள், அடிபட்ட பிராணியைக் குணப்படுத்துகிறாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான் அழுத்தம். ஊரார் மனம் மாறுகிறார்கள். மனத்துக்கு இதமான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் சேலம் நகரின் குடிநீருக்காக அமைக்கப்பட்ட, 2,000 ஏக்கருக்கும் மேல் பரந்த பனமரத்துப்பட்டி ஏரியை அறிந்தவர்களுக்கு அந்தப் பொத்தான் சற்று உறுத்தும். நகரம் மேட்டூர்க் காவிரிக்கு மாறியது. ஏரிக்குள் சீமைக்கருவேலம் புகுந்து காடாயிற்று. அகற்ற வேண்டும் என்று பேசத் தொடங்கினால்தான் அது எத்தனை சிக்கலென்று தெரிகிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். காயைத் தின்னும் ஆடுகள் விதையை ஊரெல்லாம் கொண்டுசெல்லும். விறகும் கரிமூட்டமும் சிலருக்குச் சோறு போடுகின்றன. ஏரியோ மாநகராட்சியினுடையது, சுற்றியிருக்கும் கிணறுகள் உழவர்களுடையவை. மழை யாருடைய பேச்சையும் கேட்பதில்லை. இங்கே வில்லன் என்று ஒருவரைக் காட்ட முடியாது. பலருடைய நியாயங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நிற்பதற்குத்தான் ஊர் என்று பெயர்.

தொல்காப்பியர் திணையை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். பறவை, மரம், தொழில், பறை முதலியன கருப்பொருள். பிரிவும் காத்திருப்பும் ஊடலும் போன்றவை உரிப்பொருள். இந்தத் தீவுகளை வடிப்பவர்கள் முதற்பொருளில் வல்லவர்கள். அந்தி வெளிச்சத்தை அவர்கள் போல் யாரும் இன்று தீட்டுவதில்லை. கருப்பொருளையும் அள்ளி இறைக்கிறார்கள். உரிப்பொருளுக்கு வரும்போது கை தயங்குகிறது. விளையாடுபவர் வருந்திவிடுவாரோ என்ற பயம். விளைவு, திணையாக வேண்டிய நிலம் நாள்காட்டிப் படமாக நின்றுவிடுகிறது.

அப்படியானால் வாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? வேண்டாம். சண்டை என்பது எதிர்ப்பின் மிக மலிவான வடிவம். அது இல்லாமலே இழப்பைத் தாங்கும் விளையாட்டுகள் இருக்கின்றன. 2019இல் வந்த ‘எ ஷார்ட் ஹைக்’ சிறியது, அன்பானது. ஒரு பறவைப் பெண் மலையுச்சிக்கு ஏறுகிறாள். பொன்னிறகுகள் போதாவிட்டால் பாறை அவளை மேலே விடாது. அவள் ஏறுவதும் சும்மா அல்ல. செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் இடம் அதுதான், அவள் ஓர் அழைப்புக்காகக் காத்திருக்கிறாள். அதே ஆண்டின் ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ விளையாட்டில் ஆயுதமே கிடையாது; ஆனால் 22 நிமிடங்களுக்கு ஒருமுறை சூரியன் வெடித்து எல்லாம் அழிகிறது. அழியப்போகும் உலகை அறிந்துகொள்வது மட்டுமே நம் வேலை.

தமிழர்களிடமிருந்து வந்த உதாரணம் 2023இன் ‘வெண்பா’. டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. திறந்த உலகம் என்று அதில் எதுவும் இல்லை. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் சமையலறை, சில அறைகள், அவ்வளவே. அம்மாவின் சமையல் குறிப்பேடு சிதைந்துபோயிருக்கிறது; விடுபட்டதை நாம் ஊகித்து நிரப்ப வேண்டும். ஒரு தட்டின் குழிக்கு நேரே இன்னொன்றின் குழி வராமல் இட்லித் தட்டுகளை அடுக்கத் தெரியாவிட்டால் ஆவி ஏறாது. தோற்றாலும் யாரும் சாவதில்லை. ஆனால் ஒரு மொழியும் ஒரு மகனும் கைநழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டே சமைக்கிறோம். அந்த நாலு சுவருக்குள் இருக்கும் ஊர், பல சதுர மைல் தீவுகளில் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஷிஃப்ட் முடிந்து அறைக்குத் திரும்பியவனுக்கு ஒரு மணிநேர ஓய்வு தரும் பொருளிடம் திணையும் உரிப்பொருளும் கேட்பது நியாயமா? நியாயமான கேள்விதான். ஓய்வு ஓய்வாக இருப்பதில் எந்தக் குறையும் இல்லை. பஞ்சுத் தலையணையிடம் யாரும் தத்துவம் கேட்பதில்லை. நாம் சொல்வது, அந்த ஓய்வை நிலத்தின் மீதான அன்பு என்று தவறாகக் கணக்கெழுதிவிடக் கூடாது என்பதைத்தான். அன்பு வைத்த நிலம் சில நேரம் நம்மை ஏமாற்றும், பூவுக்கு விலை தராது, நீரை மறைத்துக்கொள்ளும். அப்போதும் அதை விட்டுப் போகாதிருப்பதற்கு வேறொரு பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையைப் பழக்கும் விளையாட்டுகள் இன்னும் விரல்விட்டு எண்ணத்தக்கவையே.

என்றாவது நம் இளைஞர் யாராவது சேலத்துப் பக்கத்து நிலம் ஒன்றை இப்படி அமைக்க முன்வந்தால், வாளும் துப்பாக்கியும் இல்லாமலே அமைக்கட்டும். ஜருகுமலையின் மேல் மேகம் இறங்குவதை நன்றாகத் தீட்டட்டும். ஏரியில் மட்டும், தொடங்கியவுடனே நீரை நிரப்பிவிட வேண்டாம்.