இட்லி மாவின் மேல் போடும் பழி

பிறப்புறுப்பில் அரிப்பு, தயிர்க்கட்டி போல வெள்ளைப்படுதல். இந்த ஈஸ்ட் தொற்று திரும்பத் திரும்ப வரும் பெண்ணுக்குக் கிடைக்கும் யோசனை ஒன்றே: ‘இனிப்பை நிறுத்து, பிரட்டை நிறுத்து, புளித்த மாவைத் தொடாதே.’ 1983-இல் வெளிவந்த ‘தி ஈஸ்ட் கனெக்ஷன்’ நூலில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் குரூக் பரப்பிய பத்தியம் இது. நம் ஊரில் ‘உடம்புச் சூடு’ நம்பிக்கையும் இதனுடன் கைகோத்துக்கொண்டது.

புளித்த மாவுக்கு வருவோம். பிரட்டில் போடும் ஈஸ்ட் வேறு, இந்தத் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்கும் காண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட் வேறு. இட்லி மாவைப் பொங்கவைப்பவை முக்கியமாக லாக்டிக் அமில பாக்டீரியா. அவையும் இட்லி வேகும்போதே ஆவியில் செத்துவிடுகின்றன. மாவு நிரபராதி.

இனிப்பு விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இத்தொற்று அதிகம் வரும். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகள் குளுக்கோஸைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால், அவற்றைச் சாப்பிடுபவர்களுக்கும் வரும். ஆனால் சர்க்கரை நோய் இல்லாதவர் ஒரு துண்டு மைசூர்பாகு தின்றால், ஏறிய சர்க்கரையை இன்சுலின் சில மணி நேரத்தில் இறக்கிவிடும். யோனியில் காண்டிடா தழைக்கத் தோதான சூழலை உண்டாக்குவது ஈஸ்ட்ரோஜன். கர்ப்ப காலத்தில் தொற்று கூடுவதும், வயதுக்கு வராத சிறுமிகளிடம் அரிதாக இருப்பதும் அதனால்தான். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு வருவதற்கும் தட்டில் இருப்பதற்கும் சம்பந்தமில்லை.

தயிர் இதைத் தடுக்குமா? 1992-இல் ஒரு சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது. 2004-இல் ஆன்டிபயாடிக் எடுத்த 235 ஆஸ்திரேலியப் பெண்களிடம் தயிரில் உள்ளது போன்ற லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்தபோது தொற்று குறையவில்லை. பிடித்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். மோருக்கு நான் எதிரி அல்ல. பூண்டுப் பல்லை யோனிக்குள் வைப்பது மட்டும் வேண்டாம், புண்ணாகும்.

பத்தியத்தால் வரும் பெரிய கேடு, நோய் எதுவென்றே தெரியாமல் மாதங்கள் ஓடுவது. தமக்கு ஈஸ்ட் தொற்று என்று தாமே முடிவு செய்து கடையில் மருந்து வாங்கிய அமெரிக்கப் பெண்களை 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் சோதித்தார்கள். ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குத்தான் காண்டிடா மட்டும் இருந்தது. காண்டிடா என்று உறுதியானால் வழி உண்டு: வாரம் ஒருமுறை 150 மி.கி. ஃப்ளூகோனசோல், ஆறு மாதம். 2004-இல் வெளியான ஆய்வில், இப்படி எடுத்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு அந்த ஆறு மாதத்தில் தொற்று திரும்பவில்லை. நிறுத்திய பின் பலருக்குத் திரும்பியது என்பதையும் சொல்லவேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை ஆகாது.

ஓராண்டில் 3 முறை வந்துவிட்டால் பத்தியப் பட்டியலை மூடிவைத்துவிட்டு மகளிர் நல மருத்துவரிடம் போங்கள். ஸ்வாப் பரிசோதனையும் சர்க்கரை நோயைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் வேண்டுமென்று வாய்விட்டுக் கேளுங்கள்.