சறுக்கி விழுந்த மகள்

தாயையும் தாய்நாட்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆனால், பிறந்த மண் ஒன்று, பெற்றோரின் மண் வேறொன்று என்று ஆகிவிட்ட பிள்ளைகளுக்குத் தாய்நாடு எது? இந்தக் கேள்வியைப் பற்றி நாம் அதிகமாகச் சிந்தித்ததில்லை. சிந்திக்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று 2022-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், சீன தேசத்தின் தலைநகரான பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களில் ஏற்பட்டது. அங்கே ஒரு பெண் சறுக்கி விழுந்தாள். விழுந்தவளைப் பற்றியும், அவள் விழக் கண்டு சிரித்தவர்களைப் பற்றியும் இந்த வாரம் எழுத விரும்புகிறேன்.

முதலில் அவள் பயின்ற வித்தையைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். பனிக்கட்டி பரப்பிய மைதானத்தில், காலணியின் அடியில் பொருத்திய எஃகுத் தகட்டின் மேல் நின்று, சங்கீதத்துக்கு இசைய ஆடுவதை ஃபிகர் ஸ்கேட்டிங் என்கிறார்கள். பனிச்சறுக்கு நடனம் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். அந்தத் தகட்டின் அகலம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர்தான். அதிலும் முழு அகலத்தையும் ஊன்றி நிற்பதில்லை. இரு விளிம்புகளில் ஏதாவது ஒன்றின் மேல் சாய்ந்துதான் செல்ல வேண்டும். அந்த விளிம்பிலிருந்து மேலெழும்பி, ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் மூன்று முறை சுழன்று, ஒற்றைக் காலில் பின்னோக்கியபடி இறங்க வேண்டும். நமது கழைக்கூத்தாடி கயிற்றின் மேல் நடப்பதைக் கண்டு மூச்சை அடக்கிக்கொள்கிறோம் அல்லவா? கயிற்றின் மேலேயே துள்ளிச் சுழன்று இறங்கச் சொன்னால் எப்படியோ, அப்படிப்பட்டது இந்த வித்தை. குறுகிய ஆட்டம் என்பது ஏறத்தாழ 2 நிமிஷம் 40 விநாடி. பல வருஷத்துப் பயிற்சிக்கு அந்தச் சில நிமிஷங்களில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

நான் குறிப்பிடும் பெண் 2002-ஆம் வருஷம் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் பிறந்தாள். பெற்றோர் சீனாவிலிருந்து சென்று அங்கே குடியேறியவர்கள். தந்தை ஜூ ஸோங்சுன், கணிப்பொறிக்கு அறிவூட்டும் சாஸ்திரத்தில் பெயர் பெற்ற பேராசிரியர். மகளுக்குப் பெவர்லி என்று பெயர். பனிச்சறுக்கு நடனத்தில் இவள் விரைவாகத் தேர்ச்சி பெற்று, 2018-ஆம் வருஷத்து அமெரிக்க தேசியப் போட்டிகளில் புதுமுகப் பிரிவில் முதலிடத்தை அடைந்தாள். அதே வருஷத்தில் பெற்றோரின் நாட்டுக்காக ஆடுவதென்று முடிவு செய்தாள். பெவர்லி ஜூ என்ற பெயர், குலப் பெயரை முன்னே வைக்கும் சீன வழக்கப்படி, ஜூ யீ என்று மாறிற்று.

பெயரை மாற்றுவது சுலபம். குடியுரிமையை மாற்றுவது அவ்வளவு சுலபமான காரியமல்ல. ஒரு நாட்டுக்காக ஒலிம்பிக்கில் ஆட வேண்டுமானால் அந்நாட்டுப் பிரஜையாக இருந்தாக வேண்டும். சீனச் சட்டமோ, நம் நாட்டுச் சட்டத்தைப் போலவே, ஒருவர் ஒரே சமயத்தில் இரு நாட்டுப் பிரஜையாக இருப்பதை ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே அமெரிக்கக் குடியுரிமையை அவள் துறக்க வேண்டியிருந்தது. உலகத்தில் லட்சக்கணக்கானவர்கள் எதற்காக வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்களோ, அதை இளம் பிராயத்தில் ஒரு பெண் விட்டுக் கொடுத்தாள். தேசபக்தி என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் வேறென்ன வேண்டும் என்று நாம் நினைப்போம். ஆனால் ஜனங்கள் கேட்ட சாட்சியம் வேறாக இருந்தது.

பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பெண்களின் தனி ஆட்டத்துக்குச் சீனாவுக்கு ஓர் இடந்தான் கிடைத்திருந்தது. அந்த இடத்துக்கு ஜூ யீயைத் தேர்ந்தெடுத்தபோதே முணுமுணுப்பு எழுந்தது. சீனாவிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணை அனுப்பியிருக்கக்கூடாதா என்று கேட்டார்கள். தந்தையின் செல்வாக்கினால் கிடைத்த இடம் என்று எழுதியவர்களும் உண்டு. போதாக்குறைக்கு, அவளுடைய சீனப் பேச்சில் சரளம் போதவில்லை என்பது பெரிய குற்றமாகி விட்டது.

பிப்ரவரி 6-ந் தேதி குழுப் போட்டி. பத்து நாடுகள் கலந்துகொண்டன. ஒவ்வொரு பிரிவிலும் முதலிடத்துக்குப் 10 புள்ளி, கடைசி இடத்துக்கு 1 புள்ளி என்று கணக்கு. பெண்கள் ஆட வருவதற்கு முன் சீனா மூன்றாம் இடத்தில் இருந்தது. ஜூ யீ மைதானத்தில் இறங்கினாள். ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே தாவி இறங்கும்போது கால் தவறி விழுந்து, ஓரத்துத் தடுப்புச் சுவரில் போய் மோதினாள். எழுந்து ஆட்டத்தைத் தொடர்ந்தாள். பின்னால் மற்றொரு தாவலும் கைகூடவில்லை. கிடைத்த மதிப்பெண் 47.03. பத்துப் பேரில் கடைசி இடம். சீனா மூன்றாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது.

அதன் பிறகு நடந்ததுதான் வருந்தத்தக்கது. வெய்போ என்பது சீன ஜனங்கள் தங்கள் எண்ணங்களை எழுதி வெளியிடும் வலைத்தளம். ‘ஜூ யீ விழுந்துவிட்டாள்’ என்ற தலைப்பை அங்கே சில மணி நேரத்துக்குள் இருபது கோடி தடவை பார்த்தார்களாம். தேசபக்தியைப் பற்றிப் பேசுவதற்கு முன் சீன மொழியைக் கற்றுக்கொள் என்று உபதேசம் செய்தார்கள் சிலர். எந்தத் தைரியத்தில் எங்கள் நாட்டுக்காக ஆட வந்தாய் என்று அதட்டினார்கள் வேறு சிலர். ஏச்சு வரம்பு மீறியதால், அந்தத் தலைப்பையே பின்னர் எடுத்துவிட்டார்கள். அவளுக்குத் தைரியம் சொல்லி எழுதியவர்களும் பலர் என்பதை இங்கே சொல்லாவிட்டால் சீன ஜனங்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். ஆனால் புண்பட்ட காதில் எந்தச் சொல் முதலில் நுழையும் என்பதை நாம் அறிவோம்.

மறுநாள் குழுப் போட்டியின் நீண்ட ஆட்டம். முதல் நாள் விழுந்தவள் மறுபடியும் அதே பனியின் மேல் வந்து நின்றாள். மறுபடியும் விழுந்தாள். கண்ணீர் பெருகிற்று, ஆனாலும் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடவில்லை. 91.41 மதிப்பெண்ணுடன் அதை முடித்தாள். பிப்ரவரி 15-ந் தேதி தனி ஆட்டத்தில் அவளுக்குக் கிடைத்தது 27-ஆவது இடம். முதல் 24 பேர்தான் அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்பது விதி. அத்துடன் அவளுடைய ஒலிம்பிக் முடிந்தது.

அதே நாட்களில் அதே பெய்ஜிங்கில் இன்னும் இரண்டு பிள்ளைகளின் கதையும் நடந்தது. எய்லீன் கூ என்ற பெண் ஸான் பிரான்சிஸ்கோவில் சீனத் தாய்க்கும் அமெரிக்கத் தந்தைக்கும் பிறந்தவள். பனிமலைச் சரிவில் பாய்ந்து செல்லும் பந்தயங்களில் சீனாவுக்காக ஆடி, இரண்டு தங்கப் பதக்கங்களும் ஒரு வெள்ளிப் பதக்கமும் பெற்றாள். சீன மொழியைத் தடையின்றிப் பேசினாள். அவளைத் தலைமேல் வைத்துக்கொண்டு கூத்தாடினார்கள். நேதன் சென் என்ற வாலிபனோ அமெரிக்காவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்து, அமெரிக்காவுக்காகவே பனிச்சறுக்கு நடனம் ஆடியவன். அவனுடைய தாயார் பெய்ஜிங் நகரத்தவர். தாயார் பிறந்த ஊரிலே பிப்ரவரி 10-ந் தேதி அவன் தங்கப் பதக்கம் வென்றான். சீனாவில் சிலர் அவனைத் துரோகி என்று ஏசினார்கள்.

மூவரையும் சேர்த்துப் பாருங்கள். மூவருக்கும் பிறந்த மண் அமெரிக்கா. மூவரின் நரம்பிலும் ஓடுவது சீன ரத்தம். வெளிநாட்டுக்காக வென்றவன் துரோகி ஆனான். தாய்நாட்டுக்காக வென்றவள் குலவிளக்கு ஆனாள். தாய்நாட்டுக்காகத் தோற்றவளோ அன்னியப் பெண் ஆகிவிட்டாள்! அப்படியானால் ஜனங்கள் பார்த்தது ரத்தத்தையா, பக்தியையா, பதக்கத்தையா? விருந்தாளிதான் கையில் பழம், புஷ்பம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். வீட்டுப் பிள்ளை வெறுங்கையுடனும் வரலாம், தோற்றும் வரலாம். அப்படி வரும்போது கதவைத் திறப்பதுதான் தாய் வீடு. எய்லீனை மெச்சியது தப்பில்லை. வென்றவர்களை மெச்சாமல் யாரை மெச்சுவது? ஆனால் ஜூ யீ கொண்டுவந்ததும் ஒரு காணிக்கைதான். அதற்கு மதிப்பெண் போட நடுவர்கள் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

இதைச் சீனாக்காரர்களின் விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. தாரா பிரசாத் என்னும் பெண்ணின் பெயர் நேயர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! சென்னையிலிருந்து போய்க் குடியேறிய பெற்றோருக்கு அமெரிக்காவில் 2000-ஆம் வருஷம் பிறந்தவள். இந்தியக் குடியுரிமையைக் கைக்கொண்டு, நம் நாட்டின் பனிச்சறுக்கு நடனத் தேசியப் பட்டத்தை வென்றவள். 2025-ஆம் வருஷம், அதே சீன தேசத்தில் ஹார்பின் நகரத்தில் நடந்த ஆசியக் குளிர்காலப் பந்தயங்களில் எட்டாம் இடம் பெற்றாள். பனிக்கட்டியைச் சர்பத்துக் கடையிலே மட்டும் பார்த்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு எட்டாம் இடம் பெரிய இடம். அவளை யாரும் ஏசவில்லை என்பது வாஸ்தவமே. ஏசுவதற்காவது முதலில் கவனித்திருக்க வேண்டும் அல்லவா?

சீனாக்காரர்களுக்கு உபதேசம் செய்யும் யோக்கியதை எனக்கு உண்டா என்பதும் சந்தேகமே. சில வருஷங்களுக்கு முன், அன்னிய தேசத்தில் வளர்ந்த ஒரு மாணவி என் வகுப்பில் வந்து சேர்ந்தாள். தமிழ்ப் பாடத்தை வாசிக்கச் சொன்னேன். ‘கிழவி’யைக் ‘கிலவி’ என்று வாசித்தாள். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு ழகரம் வராது என்பது வேறு விஷயம். வகுப்பை அதட்ட வேண்டிய நானும் புன்னகை செய்துவிட்டேன். மறுநாள் அந்தப் பெண் பின் வரிசையில் போய் உட்கார்ந்தாள். அந்த வருஷம் முழுவதும் அவளாக எழுந்து ஒரு வார்த்தை வாசிக்கவில்லை. அவள் தகப்பனார் ஒரு முறை என்னைச் சந்தித்தபோது, “இவளுக்குத் தமிழ் வர வேண்டும் என்பதற்காகத்தான் ஸார், நாங்கள் ஊருக்கே திரும்பி வந்தோம்” என்றார். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

நமது ஊர்களிலும் விடுமுறைக்கு வரும் பேரன் பேத்திகள் உண்டு. கொச்சைத் தமிழில் அவர்கள் ஏதாவது சொல்லும்போது நமக்குச் சிரிப்பு வரலாம். சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவர்கள் சொல்ல வந்ததை முழுவதும் கேட்டுவிடுவோம். ஜூ யீ விழுந்தபின் எழுந்து ஆட்டத்தை முடித்தாள். என் வகுப்புப் பெண் முடிக்கவில்லை. முடிக்க நான் விடவில்லை.